பனியை எடுத்தால் ஊர் சிறுத்துவிடும்

'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆன்ட்ரியாஸ்' விளையாட்டின் கடைசி மிஷன் இப்படிப் போகும். நாயகன் சிஜே, போலீஸின் கவச வண்டி ஒன்றைக் கைப்பற்றி, பிக் ஸ்மோக் என்ற பழைய நண்பனின் போதைக் கோட்டைச் சுவரை இடித்து உள்ளே நுழைகிறான். மாடி மாடியாக ஏறிச் சண்டை போடுகிறான். உச்சியில் ஸ்மோக்கைச் சந்திக்கிறான். அதன்பின் கட்டடம் தீப்பிடிக்கிறது.

ஒரு சின்னக் கேள்வி. இந்தச் சண்டை எங்கே நடக்கிறது? கிழக்கு லாஸ் சான்டோஸில், அந்தக் கட்டடத்துக்குள் என்றுதான் யாரும் சொல்வார்கள். விளையாட்டின் ஆய எண்களைக் கேட்டால் வேறு பதில் வரும். சண்டை நடப்பது தரையிலிருந்து 1,026 மீட்டர் உயரத்தில், நடு வானத்தில். பழனி மலையில் ஏறி கொடைக்கானலை அடையும் உயரத்தில் கிட்டத்தட்டப் பாதி அது. தெருவில் நிற்கும் கட்டடம் வெறும் ஓடு. அதன் அறைகள், படிக்கட்டுகள், ஸ்மோக்கின் சோபா எல்லாம் தனியே செய்யப்பட்டு, யார் கண்ணிலும் படாமல் மேலே மிதக்கின்றன. வாசலைத் தாண்டும் அந்த ஒரு கணத்தில் சிஜேயைத் தூக்கி அங்கே வைத்துவிடுகிறது கணினி.

சான் ஆன்ட்ரியாஸின் முடிதிருத்தகம், சாப்பாட்டுக்கடை, உடற்பயிற்சிக்கூடம் எல்லாமே இப்படித்தான் வானத்தில் தொங்குகின்றன. முதுகில் கட்டும் பறக்கும் கருவியோடு எப்படியோ உடற்பயிற்சிக்கூடத்துக்குள் புகுந்து, கூரையைத் துளைத்து வெளியேறிய ரசிகர்கள் இந்த மறைவு உலகைக் கண்டுபிடித்தார்கள். ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டவெளியில் பறந்து போனார்கள்.

ஏன் இவ்வளவு சுற்று வேலை? எல்லாம் இட நெருக்கடிதான்.

இந்த வரிசை 1997-இல் தொடங்கியது. 2001-இல் மூன்றாம் பாகம், 2002-இல் நம்மூர் பிரௌசிங் சென்டர்களைக் கட்டிப்போட்ட 'வைஸ் சிட்டி', 2004 அக்டோபரில் சான் ஆன்ட்ரியாஸ். ஒரே உலகில் நடக்கும் இந்த மூன்று பெரிய கதைகளில் கடைசி அத்தியாயம் இதுதான். (வயது வந்தோருக்கான விளையாட்டு என்று உறையிலேயே போட்டிருந்தது. பிரௌசிங் சென்டரில் யார் உறையைப் பார்த்தார்கள்?) பிளேஸ்டேஷன் 2 கருவியில் மிக அதிகம் விற்ற விளையாட்டும் இதுவே. அந்தக் கருவியின் முதன்மை நினைவகம் 32 மெகாபைட். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் புகைப்படம் எட்டோ பத்தோ போட்டால் நிரம்பிவிடும். அதற்குள் மூன்று நகரங்கள், ஒரு பாலைவனம், காடுகள், ஒரு பெரிய மலை, விமானங்கள், ரயில்கள், வானொலி நிலையங்கள்.

அடங்காது. அடக்கவும் இல்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருந்த ராக்ஸ்டார் நார்த் குழு செய்தது வேறு. கதை நடக்கும் முழு மாநிலமும் வட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். ஆட்டக்காரரைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் நினைவகத்தில் விழித்திருக்கும். நீங்கள் நகர நகர, முன்னால் வரப்போகும் தெருவை வட்டிலிருந்து இழுத்து, பின்னால் விட்டுவந்த தெருவை அழித்துக்கொண்டே போகும். இதற்கு ஸ்ட்ரீமிங் என்று பெயர். தேவைக்கேற்ற ஏற்றல் என்று தமிழில் சொல்லலாம். சாலையில் ஓடும் வண்டிகளும் அப்படியே. ஒரு நேரத்தில் சில வகை வண்டிகளின் வடிவம் மட்டுமே நினைவகத்தில் இருக்கும். அபூர்வமான கார் ஒன்றைத் திருடி ஓட்டினால் திடீரென்று தெருவெல்லாம் அதே கார் தென்படும். விளையாடிய எல்லோருக்கும் இது பழகிய மர்மம். உங்கள் காருக்காக அந்த வடிவம் ஏற்கெனவே ஏற்றப்பட்டுவிட்டது, அதையே மற்றவர்களுக்கும் கொடுத்துவிடுகிறது கணினி. அவ்வளவுதான் சூட்சுமம்.

இதில் ஒரு பந்தயம் ஒளிந்திருக்கிறது. வட்டு சுழன்று தரவைக் கொடுக்கும் வேகத்தைவிட ஆட்டக்காரர் வேகமாகப் போய்விட்டால்? சாலை இன்னும் வராத வெறுமைக்குள் கார் பாயும். மூன்றாம் பாகத்தில் இந்தச் சிக்கல் வந்தபோது என்ன செய்தார்கள் என்பதைக் குழுவின் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஓபே வெர்மே பின்னாளில் சொன்னார். தெருக்களின் அமைப்பை மாற்றி ஆட்டக்காரரைத் தாமதப்படுத்தினார்கள். அதுவும் போதாதபோது, காருக்கு எதிரான காற்றின் இழுவையைச் சற்றே கூட்டிவிட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. நம் மலைப்பாதையும் இப்படித்தான். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் நேர்கோட்டில் சுமார் 30 கிலோமீட்டர்தான். மலைப்பாதையில் 50-க்கு மேல் ஓடவேண்டும். வளைவு இருந்தால் வண்டி மெதுவாகப் போகும், ஊர் தூரமாகத் தெரியும். இயற்கை வேறு காரணத்துக்காகச் செய்ததை இவர்கள் வட்டுக்காகச் செய்தார்கள்.

இனிமேல்தான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. சான் ஆன்ட்ரியாஸ் மாநிலம் ஒரு சதுரம். அதன் ஒரு பக்கம் 6 கிலோமீட்டர். கொடைக்கானல் பஸ் நிலையத்திலிருந்து தூண் பாறைக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். டாக்ஸியில் ஏறித் தூண் பாறைக்குப் போவதற்குள் லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ, லாஸ் வேகாஸ் மூன்றின் நகல்களையும் கடந்து மாநிலத்தை விட்டே வெளியேறிவிடலாம்.

6 கிலோமீட்டர் என்பது பார்வைக்கு ஒன்றுமே இல்லை. மேகமில்லாத காலையில் கோக்கர்ஸ் வாக்கில் நில்லுங்கள். 1872-இல் லெப்டினன்ட் கோக்கர் சரிவின் விளிம்போடு அமைத்த, ஒரு கிலோமீட்டர் நீள நடைபாதை அது. கீழே பெரியகுளம் தெரியும். நேர்கோட்டில் 14 கிலோமீட்டர் இருக்கும். காற்று நன்றாகத் தெளிந்திருந்தால் மதுரையும் தெரியும். அது 75 கிலோமீட்டருக்கு மேல். கொடைக்கானலின் உயரம் சுமார் 2,100 மீட்டர். பூமியின் வளைவு மட்டுமே தடை என்றால் இங்கிருந்து 150 கிலோமீட்டர் வரை கண் போகும். விளையாட்டின் மாநிலம் முழுவதையும் மூலைக்கு மூலை அளந்தாலே எட்டரை கிலோமீட்டர்தான். ஆக, தெளிந்த காற்று வீசும் சான் ஆன்ட்ரியாஸில், சில்லியட் மலையுச்சியில் ஏறினால் மொத்த மாநிலமும் ஒரே பார்வையில் அடங்கிவிடும். பாலைவனத்துக்குப் பக்கத்திலேயே துறைமுகம், துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே காடு. ரகசியம் உடைந்துபோகும்.

ஆகவே பனி இறங்குகிறது.

விளையாட்டில் மூடுபனி போடுவது அதிசயிக்கத்தக்க அளவுக்கு எளிய கணக்கு. இரண்டு தொலைவுகள் போதும். பனி தொடங்கும் இடம் ஒன்று, எதையும் வரையாமல் நிறுத்திவிடும் பார்வை எல்லை மற்றொன்று. பனி 300 மீட்டரில் தொடங்கி 800 மீட்டரில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 550 மீட்டரில் நிற்கும் மரத்தின் நிறத்தில் பாதியை எடுத்துவிட்டு, பாதி பனியின் நிறத்தைக் கலந்துவிட வேண்டும். 800 மீட்டரில் முழுக்கப் பனி நிறம். அதற்கு அப்பால் மரமே தேவையில்லை. அதை ஏற்றவும் வேண்டாம், வரையவும் வேண்டாம். பனியின் நிறமும் அடிவானத்தின் நிறமும் ஒன்றாக இருக்கவேண்டும், கவனிக்கவேண்டியது அது ஒன்றுதான். இல்லாவிட்டால் மலைகள் கத்தரித்து ஒட்டிய அட்டைபோல நிற்கும்.

இதற்காகவே விளையாட்டில் ஒரு எண் பட்டியல் இருக்கிறது. வெயில், மழை, மேகமூட்டம், சான் ஃபியரோ நகரத்துக்கென்றே தனிப் பனி, பாலைவனத்துக்கென்று மணற்புயல் என இருபதுக்கும் மேற்பட்ட வானிலைகள். ஒவ்வொன்றுக்கும் நாளின் எட்டு நேரங்களுக்கான எண்கள். விடியற்காலை 5, 6, 7 மணிகளுக்குத் தனித்தனியாக வானத்தின் நிறம், பனியின் தொடக்கம், பார்வை எல்லை. இடைப்பட்ட நேரங்களை கணினியே இழைத்துக்கொள்ளும். காலை வெளிச்சம் மெல்ல மாறுவதற்கு அதிகம் எண்களைக் கொடுத்தவர்கள், நடுப்பகலிலிருந்து இரவு 7 மணி வரை ஒரே இழைப்பில் விட்டுவிட்டார்கள். பட்டியலை யார் எழுதினாரோ, வானத்தை உற்றுப் பார்த்தவர் என்று தோன்றுகிறது.

உண்மைப் பனி இவ்வளவு நேர்க்கோட்டில் நடப்பதில்லை. சமவெளியின் ஈரக்காற்று பழனி மலைச் சரிவில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும் காற்று விரிகிறது, விரிந்தால் குளிர்கிறது. ஈரம் ஆவியாக இருக்கும்வரை, 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி வீதம். ஒரு கட்டத்தில் ஆவியைத் தாங்க முடியாமல் துளிகள் பிறக்கின்றன. கீழே இருப்பவருக்கு அது மலைமேல் மேகம், மலையில் இருப்பவருக்கு மூடுபனி. துளி ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடக் குறைய. ஒரு கன மீட்டர் பனியில் உள்ள தண்ணீர் அரை கிராமுக்கு மேல் போவது அரிது. பத்தடிக்குப் பத்தடி அறை முழுக்கப் பனி புகுந்தாலும் அதைப் பிழிந்தால் மூன்று தேக்கரண்டி தேறாது. இந்தக் கொஞ்சம் தண்ணீர்தான் எதிர்மலையையே மறைக்கிறது. ஒரு பெரிய துளியை ஆயிரக்கணக்கான பொடித்துளிகளாக உடைத்தால், ஒளி மோதிச் சிதறும் பரப்பு பல மடங்காகிவிடுவதே காரணம்.

இந்தப் பனி முதல் 50 மீட்டரில் காட்சியின் பாதியைத் தின்றால், அடுத்த 50 மீட்டரில் மிச்சத்தில் பாதியைத் தின்னும். 150 மீட்டரில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஒவ்வொரு அடிக்கும் அதே விகிதம். ஆகவே உண்மைப் பனிக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. விளையாட்டின் பனிக்கு இரண்டும் உண்டு, காரணம் பெருக்கலைவிடக் கழித்தல் மலிவு. விளையாடும்போது வித்தியாசம் கண்ணுக்குப் படுவதில்லை. கொடைக்கானலை அடுத்த வட்டக்கானல் பக்கம் பனிக்குள் நடந்து பழகியவர்கள் கூர்ந்து பார்த்தால் கண்டுபிடிக்கலாம். விளையாட்டில் அருகிலிருக்கும் மரம் பளிச்சென்று இருக்கும், கொடைக்கானலில் கைக்கெட்டும் மரமும் கொஞ்சம் வெளுத்துத்தான் இருக்கும்.

பனியின் மதிப்பு அது போனபோது தெரிந்தது. 2021 நவம்பரில் மூன்று பழைய பாகங்களையும் புது இயந்திரத்தில் ஏற்றி மெருகூட்டி வெளியிட்டார்கள். நினைவகப் பஞ்சம் தீர்ந்துவிட்டதே, பனி எதற்கு? தொலைவெல்லாம் துல்லியமாகத் தெரியும்படி விட்டார்கள். விமானத்தில் ஏறிய ரசிகர்கள் திகைத்துப்போனார்கள். இளம் வயதில் முடிவே இல்லாமல் நீண்ட அந்த மாநிலம் ஒரு விளையாட்டுத் திடல் அளவுக்குச் சிறுத்துக் கிடந்தது. ஒரு மலையும் மாறவில்லை, ஒரு சாலையும் குறையவில்லை. காற்றைத் துடைத்ததுதான் குற்றம். பலத்த கேலிக்குப் பிறகு, 2024 நவம்பரில் பழைய வானத்தின் தோற்றத்தை மீட்கும் அமைப்பைச் சேர்த்தார்கள்.

பனி மறைப்பதோடு நிற்காது, சிலவற்றை உண்டாக்கவும் செய்யும். சில்லியட் மலைக்காட்டில் பிக்ஃபூட் என்ற ராட்சதக் குரங்குமனிதன் நடமாடுவதாக 2004-இலிருந்தே வதந்தி. மங்கலான படங்கள், சத்தியம் செய்யும் சாட்சிகள். கோப்புகளைத் துருவியவர்கள் அப்படி எதுவும் இல்லை என்று காட்டிய பிறகும் தேடல் நிற்கவில்லை. கடைசியில் 2013-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் அவனை ஒரு காட்சிக்குக் கொண்டுவந்து ரசிகர்களுக்குக் கண்ணடித்தது நிறுவனம்.

சிரிப்பதற்கு முன் கோக்கர்ஸ் வாக்குக்கு மறுபடி வாருங்கள். எப்போதாவது, வெயில் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்தும், பள்ளத்தாக்கில் பனி முன்னால் நிரம்பியும் இருக்கும்போது, பனிக்குள் ஒரு ராட்சத உருவம் நிற்பதைப் பார்க்கலாம். தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் வளையங்கள். நீங்கள் கையசைத்தால் அதுவும் அசைக்கும். அது உங்கள் நிழல். சுவரில் விழும் நிழல் தட்டையாக இருக்கும். பனியில் விழும் நிழலோ பல மீட்டர் ஆழத்துக்கு ஊடுருவுவதால், தொலைவைக் கணிக்க முடியாமல் கண் அதைப் பிரம்மாண்டமாக எடுத்துக்கொள்கிறது. வளையங்கள் துளிகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருபவை. ஜெர்மனியின் பிராக்கன் மலையில் முதலில் பேசப்பட்டதால் பிராக்கன் பூதம் என்று பெயர். பக்கத்தில் நிற்கும் நண்பர் தம் தலையைச் சுற்றித்தான் வளையத்தைப் பார்ப்பார், உங்கள் தலையைச் சுற்றி அல்ல. ஆளுக்கொரு பூதம்.

சான் ஆன்ட்ரியாஸில் வேறு பேய்களும் உண்டு. 'பேக் ஓ பியாண்ட்' காட்டில் ஓட்டுநர் இல்லாத, அடிபட்ட பழைய கார்கள் தாமாகவே உருண்டு வரும். காட்டின் சோபைக்காக அந்தக் கார்களை வைத்தவர்கள் சரிவான இடத்தில் வைத்துவிட்டார்கள். நீங்கள் நெருங்கும்போது கார் உருவாகும், பிரேக் கிடையாது, ஈர்ப்பு விசை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். தலைக்குமேல் போகும் விமானங்கள் காரணமில்லாமல் விழுந்து வெடிப்பதற்கும் வெர்மே விளக்கம் சொன்னார். விமானத்தை உருவாக்குமுன் பாதையில் தடை உண்டா என்று கணினி துழாவும். துழாவுவது செலவு பிடித்த வேலை என்பதால் சில கோடுகளில் மட்டும் பார்க்கும். மெல்லிய தடை கோடுகளுக்கு இடையில் நழுவிவிடும். சில சமயம் தடையாக நிற்கும் கட்டடமே இன்னும் வட்டிலிருந்து வந்து சேர்ந்திருக்காது.

குறுக்குவழிக்கான ரகசியச் சொற்கள், அதாவது சீட் கோடுகள், விஷயத்திலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. வைஸ் சிட்டியில் 'பான்ஸர்' என்று தட்டினால் டாங்கி வந்தது, 'ஆஸ்பிரின்' என்றால் உயிர் ஏறியது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளாத பையன் கிடையாது. சான் ஆன்ட்ரியாஸின் கணினிப் பதிப்பில் 'ஹெசோயாம்' என்பதுபோல அர்த்தமற்ற எழுத்துக்கோவைகள். அதோடு அந்தச் சொல் விளையாட்டுக்குள் எங்குமே எழுதப்படவில்லை. எழுத்துகளைக் கணக்கிட்டு வரும் ஒற்றை எண் மட்டும் உள்ளே இருக்கிறது. இதைச் சுருக்கெண் என்று சொல்லலாம், நிரலர்கள் ஹாஷ் என்பார்கள். நீங்கள் தட்டுவதையெல்லாம் அதே கணக்கில் போட்டு, எண் பொருந்துகிறதா என்று பார்க்கும். கோப்பைத் துருவினாலும் சொல் கிடைக்காது. பக்கவிளைவும் உண்டு. முற்றிலும் வேறு எழுத்துகளுக்கும் தற்செயலாக அதே எண் வரலாம்.

இனி முடிவுக் காட்சி. ஸ்மோக் செத்தாயிற்று. லஞ்ச அதிகாரி டென்பென்னி தீயணைப்பு வண்டியில் தப்பி ஓடுகிறான். சிஜேயின் அண்ணன் ஸ்வீட் அதன் ஏணியில் தொங்குகிறான். நீங்கள் கீழே காரை ஓட்டி, அவன் கை நழுவும் நேரத்தில் தாங்கவேண்டும். தீயணைப்பு வண்டி பாலத்திலிருந்து க்ரோவ் தெருவில் விழ, கதை முடிகிறது. டென்பென்னிக்குக் குரல் கொடுத்தவர் சாமுவேல் எல். ஜாக்சன். பழைய பதிப்பில் மிஷன் நடுவே சேமிக்க வழியில்லை, வீட்டுக்குப் போய்த்தான் சேமிக்கவேண்டும். மழைக்காலத்தில் மலைமேல் உட்கார்ந்து இதை முடிக்க நினைப்பவர் யூபிஎஸ் பேட்டரியைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

சேமித்தால் உருவாகும் கோப்பு சுமார் 200 கிலோபைட். எந்த மிஷன் முடிந்தது, கையில் எவ்வளவு பணம், உடம்பில் எவ்வளவு கொழுப்பு, எந்தச் சுவரில் சாயம் அடித்தாயிற்று. அவ்வளவுதான். நீங்கள் ஓட்டிய தெருவோ இடித்த கார்களோ அதில் இல்லை. அவை எப்போதோ அழிந்துவிட்டன.

அழியவேண்டிய ஒன்று அழியாமல் இருபது ஆண்டு காப்பாற்றிய கதையும் உண்டு. விளையாட்டின் கடல் விமானமான ஸ்கிம்மர், வைஸ் சிட்டியில் படகு வகையாகப் பதிவாகியிருந்தது. சான் ஆன்ட்ரியாஸில் அதை விமான வகைக்கு மாற்றினார்கள். விமானத்துக்குச் சக்கர அளவு முதலான நான்கு விவரங்கள் தேவை. படகுக்குத் தேவையில்லை. வரியின் கடைசியில் அந்த நான்கையும் சேர்க்க மறந்துவிட்டார்கள். ஆனால் விமானம் ஒழுங்காகப் பறந்தது. பட்டியலில் அதற்கு முந்தைய வரியில் இருந்த வேனின் சக்கர அளவுகள் நினைவகத்தின் ஒரு மூலையில் துடைக்கப்படாமல் கிடந்தன. ஸ்கிம்மர் அவற்றையே தன்னுடையதென்று எடுத்துக்கொண்டது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் புதுப்பிப்பு, தன் சொந்த வேலைக்காக அந்த மூலையைச் சற்றுக் கூடுதலாகப் பயன்படுத்தியது. எச்சம் அழிந்தது. ஸ்கிம்மர் உலகிலிருந்தே காணாமல் போனது. வலுக்கட்டாயமாக அதை வரவழைத்து ஏறினால், கணக்கு வெடித்து, சிஜே அறியப்பட்ட பிரபஞ்சத்துக்கும் அப்பால் தூக்கியெறியப்பட்டான். சைலன்ட் என்ற பெயரில் இயங்கும் நிரலர் பொறுமையாகத் துருவி 2025-இல் இந்தக் காரணத்தை வெளியிட்டார். உங்கள் கணினியில் பழைய பதிப்பு இருந்தால் நீங்களே சரிசெய்யலாம். வாகனப் பட்டியல் கோப்பைத் திறந்து, ஸ்கிம்மர் வரியின் முடிவில் விட்டுப்போன நான்கு எண்களைத் தட்டிச் சேமித்தால் விமானம் மறுபடி தண்ணீரில் வந்து நிற்கும்.